பதினான்காம் கண்ணிக்குப் பிறகு

மருதாணி என்று அவளைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் அவள் கையில் மருதாணியைப் பார்த்ததில்லை. படகுப் பட்டறையில், படகுகளின் அடிவயிற்றுக்குச் சிவப்புச் சாயம் பூசுவது அவள் வேலை. பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற அந்தச் சாயத்துக்கு மரத்தைவிட மனிதத் தோலைத்தான் அதிகம் பிடிக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அது அவள் நகக்கண்களில் குடியேறி, குடியுரிமையும் வாங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்தாளாம். "ஊர்ல எல்லாப் பொண்ணும் கல்யாணத்துக்குக் கையைச் செவக்க வைப்பாங்க. இவ வெளுக்க வச்சுக்கிட்டு வந்தா" என்று பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பட்டறைக்கு ஒரு சரிவு உண்டு. தண்ணீரிலிருந்து மேட்டுத் தரைக்கு ஏறும் சிமெண்டுச் சரிவு. கடலில் அடிபட்டு வரும் படகுகளை அதன் வழியாக, உருளைக்கட்டைகள் மேல் ஏற்றி, இழுத்துக் கொண்டுவருவார்கள். மின்சார இழுவை இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. பழுது பார்க்கும் பட்டறையில் அதுதான் நிரந்தர நோயாளி. ஆகவே பெரும்பாலான நாட்களில் பன்னிரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். பதின்மூன்றாவதாக ஒருவர் மேட்டில், இரும்பு முளையின் பக்கத்தில் நிற்பார். படகின் முகப்பிலிருந்து வரும் இன்னொரு கயிறு அந்த முளையில் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். பன்னிரண்டு பேரும் ஒரு இழுப்பு இழுத்ததும், தளர்ந்த கயிற்றை அவர் சட்டென்று வாங்கி இறுக்கிக்கொள்வார். அதற்குப் பெயர் பிடிகயிறு. இழுக்கிறவர்கள் மூச்சு வாங்கும்போதும், கால் வழுக்கும்போதும், படகு பின்னால் போகாமல் இருப்பது அந்த ஒருவர் கையில்தான்.

இழுப்புக்குப் பாட்டு உண்டு. இரண்டு வரி சேர்ந்தது ஒரு கண்ணி; ஒரு கண்ணிக்கு ஓர் இழுப்பு. முதல் கண்ணி கையை வைக்கவும் காலை ஊன்றவும். பதினான்காம் கண்ணி முடியும்போது படகு மேட்டில் சமமாக நிற்கும், ஆப்பு வைப்பார்கள், எல்லாரும் கையை உதறிக்கொண்டு தேநீருக்குப் போவார்கள்.

பாட்டின் கதை சின்னது. பாய்மரம் முறிந்த பெரிய படகில் ஆறு பேர். அதைக் கயிறு கட்டி இழுத்து வருகிறது ஒரு சின்னப் படகு, அதில் ஏழாவது ஆள். புயல் வருகிறது. ஒன்பதாம் கண்ணியில் காரியம் நடக்கிறது:

இடக்கையில கத்தி எடுத்தான் ஏழாவது ஆளு,
இருட்டுக்குள்ள அறுந்துபோச்சு ஆறு பேரு வாழ்வு.

பிறகு நான்கு கண்ணிகள் அவனைத் திட்டுகின்றன. திட்டும்போது நன்றாக இழுக்க வருகிறது. சரிவில் மிகவும் செங்குத்தான இடமும் அதுதான். யாரோ ஒரு கெட்டவன் இல்லாவிட்டால் அந்த இடத்தில் படகு நகராது என்பதை அங்கே வேலை செய்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். கடைசிக் கண்ணி:

கூப்பிட்டாங்க ஆறு பேரும், கேட்டும் கேளாம போனான்,
கூட வந்த பாவிமகன் பாத்தும் பாராம போனான்.

"போனான்" என்றதும் பன்னிரண்டு ஜோடிக் கைகளும் திறந்துகொள்ளும்.

இந்த ஏழாவது ஆள் மருதாணியின் முப்பாட்டன் என்பது ஊர் முடிவு. பாட்டில் பெயர் இல்லை. இடக்கை மட்டும் இருக்கிறது. அவள் குடும்பத்தில் தலைமுறைக்கு இரண்டு இடக்கைக்காரர்கள் பிறக்கிறார்கள், மருதாணியும் அதில் ஒருத்தி. ஊருக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள், அவசரத்துக்குக் கடன் கேட்டார்கள். ஒரே ஒரு விலக்குதான்: அந்தக் குடும்பத்துக் கையில் பிடிகயிறு கிடையாது. அவள் அப்பா பட்டறையில் தச்சர். குடித்துவிட்டு வரும் நாட்களில் "என் தாத்தாவை எப்படிடா திட்டலாம்" என்பார். குடிக்காத நாட்களில், "உங்க வீட்டு ஆளு யாராவது பாட்டுல இருக்கானா? எங்க வீட்டு ஆளு இருக்கான்" என்று நெஞ்சை நிமிர்த்துவார். இரண்டையும் முழு மனதோடுதான் சொன்னார்.

அதே கதையை வேறு விதமாகப் பாடுகிறவர்களும் ஊரில் இருந்தார்கள். தேநீர்க் கடையில் பாடினால், பெரிய படகில் இருந்தது மாமியார். அறுத்தவனைப் பார்த்து எல்லாரும் பொறாமைப்படுவார்கள். தொட்டிலுக்குப் பாடினால் புயலே கிடையாது. படகு ஆடுகிறது, கயிறு ஆடுகிறது, பிள்ளை தூங்கிவிடுகிறது, ஏழாவது ஆளும் தூங்கிவிடுகிறான். மருதாணி தன் மகளைத் தூங்க வைத்தது இதைப் பாடித்தான். பட்டறையில் பாவிமகன், வீட்டில் செல்லமகன். ஒரே ஆளைப் பற்றிய இந்த இரண்டு தகவலும் காலையும் மாலையுமாக அவள் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தன. அது அவளை உறுத்தியதில்லை. பாட்டு என்பது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். நாற்பத்து மூன்றாவது வயதில்தான் உறுத்தியது.

காரணம், இருமல். மருத்துவர் அவள் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தார்.

"சாயம் பூசுற வேலையா?"

"ஆமா டாக்டர்."

"எத்தனை நாளைக்கு உத்தேசம்?"

"ரிடயர் ஆகுற வரைக்கும்."

"அப்ப இந்த மாசத்தோட ரிடயர் ஆயிடுங்க. இன்னும் ரெண்டு வருஷம் இதையே மூக்குல இழுத்தா, அப்புறம் எங்கிட்ட வரத் தேவையிருக்காது."

மருத்துவர்கள் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவதில்லை என்பதால் அவள் நம்பிவிட்டாள்.

பட்டறையை விட்டால் அவளுக்கு இருந்த ஒரே வழி, உள்நாட்டில், கடலிலிருந்து எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் தம்பியின் துணிக்கடை. தம்பி தொலைபேசியில் தங்கமாகப் பேசினான். "வந்துடுக்கா. விரிச்சுக் காட்டுன துணியை மடிச்சு வைக்க ஆளே நிக்க மாட்டேங்குது." கணவருக்கு அந்தத் தடத்தில் மாற்றல் கிடைக்காது. மகள் படிப்பு இங்கே. ஆக, அவள் மட்டும் போய் ஊரார் கலைத்த துணியை மடிக்க வேண்டும். அந்த வாரமே பிடிகயிற்றுக்காரர் முழங்கால் தேய்ந்து வேலையை விட்டார். அந்த இடம் காலியாக இருந்தது. காற்றோட்டமான இடம். சாய வாசனை எட்டாது.

அவள் மேஸ்திரியிடம் கேட்டாள். மேஸ்திரி நல்லவர், எதையும் மறுத்துப் பழக்கமில்லாதவர், ஆகவே எதையும் செய்து பழக்கமும் இல்லாதவர்.

"எனக்கொண்ணும் இல்லம்மா. கயிறு இழுக்குறவங்க பன்னெண்டு பேரும் சரின்னு சொல்லணும். அவங்க உசுருதானே கீழ நிக்குது. ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம்தான். அது எங்க தாத்தா காலத்து ஏற்பாடு. புதுச் சரிவு திறக்குறதுக்குள்ள ஆளைப் போட்டாகணும், அதையும் சொல்லிட்டேன்."

பெரிய படகுகள் வரத் தொடங்கியதால் சரிவைக் கீழே எட்டு மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டு காய மூன்று வாரம். அவளுக்கு இருந்த அவகாசமும் அவ்வளவுதான்.

பதினொரு பேர் சரி என்றார்கள். பன்னிரண்டாவது, முதல் கையாக நின்று பாட்டெடுப்பவர், அவளுடைய சொந்தப் பெரியப்பா, அம்மாவின் அக்கா கணவர்.

"பெரியப்பா, நான் யாரு? நீங்க தூக்கி வளத்த பொண்ணு."

"அதனாலதான் சொல்றேன். நீ கயித்த விட்டுடுவேன்னு நான் நெனைக்கல."

"பின்ன?"

"உன்னை நம்புறேன்டி. ஆனா ஒம்பதாவது கண்ணியப் பாடிக்கிட்டே, அந்தக் கை மேல நிக்கிறதைப் பாத்துக்கிட்டே, எப்படி இழுக்கிறது? பயலுங்களுக்குக் கால் கூசும். கால் கூசினா படகு வழுக்கும். படகு வழுக்கினா உன் மேலதான் பழி வரும்."

"அப்ப பாட்டை மாத்துங்க."

"நாப்பது வருஷமா பாடுறேன். மாத்தினா எனக்கே இழுக்க வராது."

இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் சங்கடம். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாதத்தின் கடைசி வேலையாக, மேஸ்திரி அவளை இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பினார். அங்கே சாயம் பூசுகிறவருக்கு அம்மை. கணவரின் பேருந்து அந்த ஊருக்குத்தான் போகிறது. முன் இருக்கையில் உட்கார்ந்து, வழி முழுக்க அவள் ஓடும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். "பேசாம வர்ற பயணிங்களுக்குப் பாதி டிக்கெட்டுன்னு புதுசா உத்தரவு வந்திருக்கு" என்று அவர் சொன்னதற்கும் சிரிக்கவில்லை.

அடுத்த துறைமுகத்தில் கரை தட்டையானது. அலை வெகுதூரம் பின்வாங்கிவிடும். ஆகவே படகை இழுக்க வேண்டிய தூரமும் அதிகம். அவள் ஒரு படகின் அடியில் மல்லாந்து படுத்துத் தூரிகை போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் இழுப்புத் தொடங்கியது. பாட்டு அவளுக்குத் தெரிந்த பாட்டுதான். பாடியது ஒரு பெண். உயரம் ஐந்தடி இருக்கும். குரலுக்கு மட்டும் தனியாக ஒரு மாடி கட்ட வேண்டும். ஒன்பதாம் கண்ணி வந்தது, போயிற்று. பதினான்காம் கண்ணி, "பாத்தும் பாராம போனான்" என்று முடிந்தது. மருதாணி தூரிகையை வைத்துவிட்டுக் கை உதறும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. மேட்டில் பிடிகயிற்றோடு நின்ற ஆள் தனியாகப் பாட ஆரம்பித்தார்:

போனவன் யாருன்னு கேட்டா, போனவன் நான்தான்,
போகாம நின்னிருந்தா போயிருப்போம் ஏழு பேரும்தான்.

கீழே இழுத்தவர்கள் ஒரே குரலில் கேட்டார்கள்: "போயி என்ன செஞ்சே?" கேட்டுக்கொண்டே இழுத்தார்கள்.

கரைக்கு வந்து கத்தினேன், கதவு பத்துத் தட்டினேன்,
கண்ணு முழிச்ச படகு மூணைக் கையோட கூட்டினேன்.

"கூட்டி என்ன செஞ்சே?"

அலைக்கு அலை தேடினேன், அஞ்சு பேரைத் தூக்கினேன்,
ஆறாவது ஆளுக்காக விடியும்வரை கூவினேன்.

அவள் படகின் அடியிலிருந்து வெளியே வந்து நின்றாள். அதற்குப் பிறகு மூன்று கண்ணிகளில் ஊர் அவனைத் தோளில் தூக்கியது, மாலை போட்டது, புதுப் படகு கொடுத்தது. கூட்டம் அதைப் பாதி கவனத்தோடு இழுத்துத் தள்ளியது. நல்ல செய்திக்கு இழுவைத் திறன் குறைவு. பிறகு இருபத்தொன்றும் இருபத்திரண்டும்:

ஆறாவது ஆளோட பொஞ்சாதி வந்து கேட்டா,
அறுத்த கையி எந்தக் கையி, காட்டுன்னு கேட்டா.

இந்தக் கைதான்னு நீட்டினேன், ஏந்தி அவ பாத்தா,
இன்னொரு கயித்த எடுத்து வந்து இதுல பிடின்னு தந்தா.

படகு நின்றது. ஆப்பு வைத்தார்கள். பாட்டெடுத்த பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, சிலைபோல நிற்கும் விருந்தாளியைப் பார்த்தாள்.

"என்னம்மா, சாயம் மண்டைக்கு ஏறிடுச்சா?"

"இந்தக் கடைசி எட்டு... இது யாரு சேர்த்தது?"

"யாரு சேர்த்தது என்ன? பாட்டே அதுதான். நீங்க எத்தனை பாடுவீங்க?"

"பதினாலு."

"பதினாலோட வுட்டா அந்த மனுசன் கெட்டவனாயிடுவானே."

"ஆமா. அவரு எங்க முப்பாட்டன்."

பெண்ணின் முகம் இறுகியது. "யாரு சொன்னா? அவரு எங்க ஊரு ஆளு. அதோ பிடிகயிறு பிடிக்கிறாரே, அவரோட வம்சம். இந்த ஊர்ல இடக்கைக்காரங்க இருக்கிறவரைக்கும் வலக்கைக்காரங்களுக்கு அந்த வேலை கெடையாது, தெரியுமா? கடைசி எட்டுக் கண்ணியும் அவங்கதான் பாடணும், வேற யாரும் எடுத்துப் பாடக் கூடாது. திடீர்னு வந்து முப்பாட்டன்னா என்ன அர்த்தம்?"

முப்பாட்டன் பாவியாக இருந்தவரை அவரைச் சொந்தம் கொண்டாட வேறு ஓர் ஆள் வந்ததில்லை. நல்லவரான ஐந்தாவது நிமிடத்தில் அவர் கைமாறிவிட்டார். மருதாணி வாதாடவில்லை. "சரிங்க, உங்க ஆளாவே இருக்கட்டும். அந்தக் கடைசி எட்டை மட்டும் எனக்கு இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். இரண்டு நாள் வேலையில் மதிய இடைவேளை இரண்டையும் அதற்கே செலவிட்டாள். பிடிகயிற்றுக்காரர் பெரிய மனிதர். பாட்டோடு சேர்த்து, எந்தச் சொல்லில் கயிற்றை வாங்க வேண்டும், எந்தச் சொல்லில் மூச்சு விட வேண்டும் என்பதையும் காட்டினார்.

திரும்பி வந்ததும் பெரியப்பாவைத் தேடிப் போனாள். அவர் பட்டறைச் சுவரோரம் உட்கார்ந்து உள்ளங்கைக் காய்ப்பைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணை மூடித் தாளம்கூடப் போட்டார். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"நல்லா இருக்கு" என்றார். "அவங்க கரை எவ்வளவு நீளம்?"

"நம்மளதைப் போல ஒண்ணரை மடங்கு இருக்கும்."

"அதான் விஷயம். நம்ம பாட்டு பதினாலோட முடிஞ்சுபோச்சு. அவங்களுக்குப் படகு இன்னும் பாதி வழியில நிக்குது. என்ன பண்ணுவான்? மேல இழுத்துக் கட்டியிருக்கான். செத்தவனைப் பொழைக்க வச்சான், மாலை போட்டான். இன்னும் நாலு மீட்டர் இருந்திருந்தா அவனுக்கு ரெண்டாங் கல்யாணமே பண்ணி வச்சிருப்பான்."

"இல்லைனா நம்ம சரிவு சின்னதுன்னு நம்ம ஆளுங்க பாதியில நிறுத்தியிருக்கலாம்ல?"

பெரியப்பா பிளேடை நிறுத்தினார். யோசித்தார். "இருக்கலாம்" என்றார் நேர்மையாக. "ஆனா பாட்டு சொல்றதைத்தான் நான் கேக்க முடியும். பாடாம விட்டது என்ன சொல்லுதுன்னு எனக்கென்ன தெரியும்?"

ஒரு சரிவு பாட்டை வெட்டியதா, ஒரு மணல்கரை பாட்டை வளர்த்ததா என்பதைக் கடலில் இறங்கிக் கேட்டுவர வழியில்லை. அன்று அவள் தம்பிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருவதாகச் சொன்னாள். மகள் பெட்டியில் துணி அடுக்க உதவினாள். "ஏம்மா, நீ மடிக்கிறதைப் பாத்தா மாமா கடைக்கு ரொம்ப நாள் தாங்க மாட்டே" என்று அடுக்கியதை எல்லாம் மறுபடி எடுத்து மடித்தாள்.

வெள்ளிக்கிழமை முற்பகல் புதுச் சரிவில் முதல் படகு. பிடிகயிற்றை, வேறு ஆள் முடிவாகாததால், மேஸ்திரியே பிடித்தார். மருதாணி கடைசிச் சம்பள நாளுக்காக வந்தவள், சாய டப்பாக்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். சரிவு நீண்டது எல்லாருக்கும் தெரியும். எட்டு மீட்டர் கூட என்று காலையில் மேஸ்திரி விளக்கினார், பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். பெரியப்பா பாட்டெடுத்தார். படகு அருமையாக ஏறியது. திட்டு வரும் நான்கு கண்ணிகளில் துள்ளிக்கொண்டு ஏறியது.

"பாத்தும் பாராம போனான்."

இருபத்து நான்கு கைகளும் திறந்தன.

யாரும் முடிவு செய்து திறக்கவில்லை. அந்தச் சொல்லுக்குத் திறக்க வேண்டும் என்று கைகளுக்குத் தெரியும், அவ்வளவுதான். மேஸ்திரியும் பழக்கத்தில் ஆப்பை எடுக்கக் குனிந்துவிட்டார். படகு ஒரு முனகலோடு பின்வாங்கியது. நல்ல வேளை, முளையின் மூன்று சுற்று கொஞ்சம் கடித்தது, மேஸ்திரி ஓடிப்போய்க் கயிற்றின் மேல் உட்கார்ந்தார், உருளைக்கட்டை ஒன்று குறுக்கே விழுந்தது. மூன்று மீட்டர் தள்ளி நின்றது. யாருக்கும் அடியில்லை. பன்னிரண்டு பேரும் தங்கள் கைகளை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"கூட இருக்குன்னு காலையிலேயே சொன்னேன்ல" என்றார் மேஸ்திரி, கயிற்றின் மேல் உட்கார்ந்தபடியே.

"எங்களுக்குத் தெரியும்ண்ணே. கைக்குத் தெரியல" என்றான் ஒருவன்.

இரண்டாம் முறை, திட்டுகிற நான்கு கண்ணிகளையே திரும்பத் திரும்பப் பாடலாம் என்று பெரியப்பா முடிவு செய்தார். மூன்றாவது சுற்றில் ஆறு பேர் பன்னிரண்டிலும் ஆறு பேர் பதின்மூன்றிலும் இருந்தார்கள். பாதிப் பேர் இழுக்கையில் பாதிப் பேர் மூச்சு வாங்கினார்கள். மூன்றாம் முறை, பாட்டே வேண்டாம், ஒன்று இரண்டு எண்ணலாம் என்றார் மேஸ்திரி. எண்ணினார்கள். எண்ணுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. செங்குத்தான இடத்தில் படகு அசையவே மறுத்தது. நான்காம் முறை பழைய பாட்டையே பாடினார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பதினான்காம் கண்ணிக்கு வந்தார்கள். இந்த முறை நான்கு பேர் மட்டும்தான் கையைத் திறந்தார்கள். அதில் ஒருவர் பெரியப்பா.

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு, டப்பாக்களின் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அந்த ஊர்க்காரங்க... பதினாலுக்கு அப்புறம் எப்படிப் போகும்னு சொன்னே?"

"சொன்னேனே பெரியப்பா."

"இன்னொரு தரம் சொல்லு. எடுத்துப் பாடுறேன்."

"நீங்க பாட முடியாது."

"ஏன்?"

"அதைப் பிடிகயிறு பிடிக்கிறவங்கதான் பாடணும். நீங்க கீழேர்ந்து கேள்வி கேக்கணும். அங்க அப்படித்தான்."

பன்னிரண்டு பேரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி, அன்று காலையிலிருந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், "எனக்குப் பாட்டு வராதுப்பா" என்று அவசரமாகச் சொன்னார்.

பெரியப்பா முதல் முறையாக அவள் பக்கம் திரும்பினார். "பேரம் பேசுறியாடி?"

"பேரம் இல்ல. பாட்டு அப்படி இருக்கு. நீங்கதான் சொன்னீங்க, பாட்டு சொல்றதைத்தான் கேக்க முடியும்னு."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். பெரியப்பாவும் சிரிப்பை அடக்க இருமினார். தலையை மேட்டுப் பக்கம் அசைத்தார். அவள் கீழிருந்து கேட்க வேண்டிய கேள்விகளைப் பன்னிரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே போனாள். முளைக்கு வலப்புறம் நின்றுதான் எல்லாரும் பிடிப்பது வழக்கம். அவள் இடப்புறம் போய் நின்றாள்.

பழைய பாட்டு பழையபடியே தொடங்கியது. ஒன்பதாம் கண்ணியில் இடக்கை கத்தி எடுத்தது. பெரியப்பா குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால் படகு நின்றிருக்கும். நான்கு கண்ணிகள் அவளுடைய முப்பாட்டனை அவள் முகத்துக்கு நேராகத் திட்டின. அவள் ஒவ்வொரு திட்டுக்கும் தளர்ந்த கயிற்றை வாங்கி இறுக்கினாள். திட்டு அவளுக்கும் உதவியது என்பதை அன்றுதான் கண்டுகொண்டாள்.

"பாத்தும் பாராம போனான்" என்று முடிந்த மூச்சிலேயே, கைகள் திறக்க நேரம் கொடுக்காமல், மேலேயிருந்து அவள் எடுத்தாள்: "போனவன் யாருன்னு கேட்டா, போனவன் நான்தான்..." இருமலால் கரகரத்த குரல். பாதியில் உடைந்தும் போயிற்று. ஆனால் கீழே பன்னிரண்டு பேரும், சொல்லிக்கொடுத்தபடி, கேட்டார்கள்:

"போயி என்ன செஞ்சே?"

கேள்வி கேட்டவனுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். அதுவரை கையைத் திறக்க முடியாது. அடுத்த கேள்விக்குள் படகு இன்னும் ஓர் இழுப்பு ஏறிவிட்டிருந்தது. நாற்பது வருடமாக அந்த ஆளைத் தினமும் திட்டி வந்தவர்கள், அன்றுதான் அவனிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்டார்கள். ஞானோதயம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. எட்டு மீட்டர் பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

எட்டு மீட்டருக்கு ஐந்து கண்ணிகள்தான் பிடித்தன. அவளிடம் எட்டு இருந்தன. பதினேழு முடிந்து, மேலிருந்து தூரத்தைப் பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது, மூன்றைக் கைவிட வேண்டும். யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. தோளில் தூக்கியதையும் மாலையையும் புதுப் படகையும் விட்டுவிட்டு, ஆறாவது ஆளின் மனைவிக்குத் தாவினாள். பாட்டில் அந்த மனைவி கையைக் கேட்டாள், பார்த்தாள், இன்னொரு கயிற்றைக் கொடுத்தாள். படகு சமதரையில் நின்றது. மேஸ்திரி ஆப்பு வைத்தார்.

தேநீரின்போது மேஸ்திரி முறைப்படி கேட்டார்: "பன்னெண்டு பேரும் என்ன சொல்றீங்க?" பதினொரு பேர் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் டம்ளரை ஊதிக் குடித்துவிட்டு, "நான் என்ன சொல்ல? பாட்டுல இருக்கே" என்றார். மறுத்ததற்கும் அவர் சொன்ன காரணம் அதேதான். அவரைப் பொறுத்தவரை அவர் நிலைப்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை.

அவள் சுவர்ப்பக்கம் போய்த் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு, மடிக்கத் தெரிந்த ஓர் ஆள் நேற்றே கிடைத்துவிட்டதாகவும், அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்ததாகவும் ஒப்புக்கொண்டான்.

வீட்டில் கணவருக்குத்தான் குறை. "திட்டு நாலையும் வச்சிருக்கே. தாத்தாவுக்கு மாலை போட்ட வரியை மட்டும் வெட்டிட்டே. என்ன நியாயம் இது?"

"மாலையைப் போட்டுக்கிட்டு எப்படிக் கயிறு பிடிக்கிறது? கழுத்துல மாட்டிக்கும்" என்றாள்.

இப்போது பட்டறையில் பத்தொன்பது பாடுகிறார்கள். பதினான்கில் அவன் பாவிமகன், பதினேழில் ஐந்து பேரைக் காப்பாற்றியவன். இதில் முரண்பாடு இருப்பதாக இழுக்கிறவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. சாயம் பூச வேறு ஆள் வந்தாயிற்று, முகமூடியோடு. அவள் இருமல் முழுதாகப் போகவில்லை. ஆனால் மருத்துவர் இப்போது அவளைப் பார்த்துவிட்டுத்தான் படத்தைப் பார்க்கிறார். வேறு ஊரிலிருந்து படகு கொண்டுவருகிறவர்கள் பாட்டைக் கேட்டு வியந்தால், "ஆதியிலேர்ந்து எங்ககிட்ட பத்தொம்பதுதான்" என்று பெரியப்பா சொல்கிறார். அடுத்த துறைமுகத்தில் பாடுவது, அவர் கணக்கில், இதை ஊதிப் பெருக்கியது.

ஆனாலும் அவருக்குள் ஏதோ குடைந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு மதியம், படகு ஏறி முடிந்ததும், மேட்டுக்கு ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்டி, இன்னும் மூணு இருக்குதாமே? நடுவுல."

"இருக்கு பெரியப்பா. ஊரே அவரைத் தோள்ல தூக்குது."

"அதை ஏன் பாட மாட்டேங்குற?"

அவள் கயிற்றை முளையிலிருந்து சுற்றுச் சுற்றாக எடுத்துக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். கீழே சிமெண்டு முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தைக் கண்ணால் அளந்தாள்.

"அதுக்கு இன்னும் அஞ்சு மீட்டர் சிமெண்டு போடணும்" என்றாள். "மேஸ்திரிகிட்ட நீங்கதான் கேக்கணும்."